மீன் வால் என்றால் இரண்டு

அந்தத் தகரக் கொட்டகையில் என்னோடு ஐந்தாம் தரம் படித்த பதினேழு பேருக்கும் இதை எழுதுகிறேன். நமக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் போன கிழமை நம் வகுப்புத் தலைவன் அனுப்பிய படத்தில் அவனுக்கு முன்தலை வெளித்திருந்தது. ஆகவே பழைய கதை பேசும் உரிமை நமக்கும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இப்போது மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறேன். ஒரு நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்வார்கள். நான் மட்டும் அதை இன்னொரு தடவை சோதித்துப் பார்ப்பேன். அங்கே யாருக்கும் நான் நம் அட்டைகளின் கதையைச் சொன்னதில்லை. நீங்கள் எல்லோரும் கூட இருந்தவர்கள், உங்களுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அதன் கடைசித் துண்டு உங்களுக்கும் தெரியாது.

போர் முடிந்து நாம் ஊருக்குத் திரும்பி வந்து குடியேறிய அடுத்த வருடம் அது. பள்ளிக்கூடத்தில் அப்போது இருந்தவை: கூரை இல்லாத பழைய கட்டடம், அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, உட்கார ஒன்பது நீல வாங்குகள், நடுவில் வெடித்த கரும்பலகை, மணிக்குப் பதிலாக வேம்பில் தொங்கிய தண்டவாளத் துண்டு, அதிபர், மூன்று ஆசிரியர்கள். இல்லாதவை: மின்சாரம், நூலகம், பாதிப் பாடப் புத்தகங்கள். விளையாட்டு மைதானம் இருந்தது, ஆனால் அதன் மேற்கு மூலையில் கண்ணிவெடி எச்சரிக்கையாகச் சிவப்புத் தடிகள் நட்டிருந்தார்கள். பந்து அந்தத் தடிகளுக்கு அப்பால் போனால் அது பந்து இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் மட்டும் நான்கு பந்துகளை நாம் அப்படி நினைத்துக்கொண்டோம்.

நம் ரீச்சருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொண்டர் ஆசிரியை, அதாவது நியமனக் கடிதம் இல்லாதவர். அடம்பன் பக்கமிருந்து சைக்கிளில் வருவார். சேலைத் தலைப்பு சில்லில் சிக்காமல் இருக்க அதை இடுப்பில் சுற்றிச் செருகியிருப்பார். கொட்டகை வாசலில்தான் அதை அவிழ்த்துவிடுவார். நம்மைப் பொறுத்தவரை பாடம் தொடங்குவது அந்தக் கணத்தில்தான், தண்டவாளம் அடிக்கும்போது அல்ல.

தை மாதக் கூட்டத்தில் அதிபர் பெற்றோருக்கு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"ஆவணியில வாற புலமைப்பரிசிலுக்கு ஆடி மாதம் முன்னோடிப் பரீட்சை. அதில பிள்ளையள் சரியாச் செய்யாட்டி ஐஞ்சாம் தரத்தை அடம்பனுக்கு மாத்திப்போடுவினம். அப்பிடி மாத்தினா இந்த ரீச்சரையும் நிப்பாட்டத்தான் வேணும். அவவுக்கு வேற வகுப்பு இங்க இல்லை."

ரீச்சர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஆரின்ரயும் வீட்டில பழைய புலமைப்பரிசில் பேப்பர் கிடக்கோ?"

எத்தனையோ இடம் மாறி வந்த சனம். சட்டி பானையையே விட்டுவிட்டு வந்தவர்களிடம் பழைய வினாத்தாள் இருக்குமா என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். இருந்தது. சான்றிதழ்ப் பையின் அடியில், தையல் இயந்திரத்தின் பெட்டிக்குள், மடித்த தரப்பாள் விரிப்பின் நடுவில் இருந்தது. ஒருவர் தன் மகளுடைய தாள்கள் ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மகள் அவரோடு திரும்பி வரவில்லை. "வெட்டுங்கோ, ஒட்டுங்கோ, என்னவும் செய்யுங்கோ ரீச்சர். பேர் எழுதின மூலையை மட்டும் எறிஞ்சுபோடாதேங்கோ" என்றார். ரீச்சர் அந்த மூலைகளையும் வெட்டி, அவற்றுக்கும் தனித்தனி அட்டை செய்தார். அவற்றில் கேள்வி இல்லை, பெயர் மட்டும் இருந்தது. வாசிக்கும்போது அந்த அட்டைகள் வந்தால், ஒரு கணம் பார்த்துவிட்டு அடியில் வைப்பார்.

பதினேழு பேருக்கு ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதிதான். நிழற்படப் பிரதி எடுக்கும் இயந்திரம் அடம்பனில் ஒன்று இருந்தது, அதுவும் பாதி நாள் பழுது. ஆகவே ரீச்சர் தாள்களைக் கேள்வி கேள்வியாக வெட்டி அட்டைகளில் ஒட்டி, தினமும் கலைத்து எடுத்து வாசிப்பதென்று முடிவெடுத்தார். அதில் ஒரு சிக்கல். தாளின் இரண்டு பக்கமும் அச்சு. ஏழாம் கேள்வியை வெட்டி ஒட்டினால் அதன் முதுகில் இருக்கும் இருபத்து மூன்றாம் கேள்வி பசைக்குள் போய்விடும். எனவே ஒட்டுவதற்கு முன் முதுகுப் பக்கத்தை யாராவது பார்த்தெழுத வேண்டும். என் எழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. அட்டைகளுக்கு எண் போட்டு அடுக்கி வைக்கும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினாறு அட்டைகள். பெயர் அட்டைகள் ஐந்தும் தனி.

அட்டைகள் எல்லாம் நிவாரணப் பெட்டிகளிலிருந்து வெட்டியவை. தகரத்தில் அடைத்த ரின்மீன் பெட்டி, பிஸ்கட் பெட்டி, தேயிலைப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி. வெறும் பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் பெட்டியின் படம். ஒன்றில் பாதி மீன், ஒன்றில் பிஸ்கட்டின் விளிம்பு, ஒன்றில் ஒரு பெண்ணின் காதும் தோடும். சவர்க்காரப் பெட்டி அட்டைகளை எடுத்தால் கொட்டகையே குளித்துவிட்டு வந்தது போல மணக்கும். சுற்றாடல் கேள்விகளை ஒட்டிய நாளில் கையில் கிடைத்தது அந்தப் பெட்டிதான். அதனால் இன்றைக்கும் புது சவர்க்காரத்தைப் பிரித்தால் எனக்குத் தவளையின் வாழ்க்கை வட்டம் ஞாபகம் வருகிறது.

புள்ளித்திட்டம், அதாவது விடைகளின் பட்டியல், எந்தத் தாளோடும் வரவில்லை. ரீச்சரே ஒவ்வொரு கேள்வியையும் செய்து பார்த்து, அட்டையின் கீழ் மூலையில் சிவப்புப் பேனையால் விடை எண்ணை எழுதினார். ஒன்று, இரண்டு அல்லது மூன்று. நாம் வாயால் சொல்லக்கூடாது, விரலால் காட்ட வேண்டும்.

ரீச்சர் எப்படி வாசிப்பார் என்று நினைவிருக்கிறதா? இடது கையில் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பார். கேள்வி அவரைப் பார்க்கும், படம் நம்மைப் பார்க்கும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் வகுப்புத் தலைவன் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான்.

"எடி, மீன் வால் வந்தா ரெண்டு. கவனிச்சனீயே?"

"எந்த மீன் வால்?"

"அட்டையின்ர முதுகில. ரீச்சர் வாசிக்க முந்தியே எனக்குத் தெரியுது."

"உன்ர மண்டைக்கு ஒண்டுதான் தெரியும். மிச்சம் இருநூற்றுப் பதினைஞ்சு?"

"அதுக்குத்தானே உன்னட்ட வந்தனான்."

அவன் என்னை நன்றாக அறிந்திருந்தான். ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டால் அதை எழுதி முடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு கிழமையில் ஒரு கொப்பி நிறையப் பட்டியல் போட்டேன். முதல் பத்தியில் அட்டை எண், இரண்டாவதில் முதுகு, மூன்றாவதில் விடை. மீன் வால்: இரண்டு. மீன் கண்: மூன்று. தோடு: ஒன்று. பிஸ்கட் விளிம்பு, எண்ணெய்க் கறையோடு: மூன்று. கறை இல்லாமல்: ஒன்று. அந்தக் கொப்பி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் போய் வந்தது. நீங்கள் யாரும் இதை மறுக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் யார் எப்போது வாங்கினார்கள் என்றும் எழுதி வைத்திருந்தேன்.

பங்குனி முடியும்போது நாம் மேதைகள். ரீச்சர் "ஒரு விவசாயி" என்று தொடங்கும் முன்னரே பதினேழு கைகள் எழும்பும். ரீச்சர் பூரித்துப் போனார். கண் இமைக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வேறு எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று அதிபரிடம் சொன்னாராம். நம் பெற்றோர் சந்தையில் பெருமை பேசினார்கள். பிழை எங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. நமக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. நாம் விடையைச் சரியாகத்தானே சொல்கிறோம்?

சித்திரை விடுமுறை முடிந்து வந்தபோது பதினெட்டாவது ஆளாக அவள் சேர்ந்தாள். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, அங்கேயே நான்காம் வகுப்பு முடித்து, தாய் தகப்பனோடு திரும்பியவள். அவளுடைய பேச்சு நமக்குப் பெரிய பகிடி.

"டீச்சர், இன்னொரு தடவ படிங்க" என்றாள் முதல் நாளே.

"படிங்க! படிங்க!" என்று பின் வாங்கு முழுக்கக் கத்தியது.

"ஏய் இந்தியா, உங்கட ஊரில ஒருக்கா வாசிச்சா விளங்காதோ?" என்றான் வகுப்புத் தலைவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க ஊரு இதுதான். நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே எங்கம்மா இந்த ஸ்கூல்ல படிச்சாங்க. போய்க் கேட்டுப் பாரு."

அவன் அதற்குப் பிறகு அவளோடு ஒரு கிழமை பேசவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். ரீச்சர் வாசிக்கத் தொடங்கியதும் கண்களை மூடிக்கொள்வாள். முழுக்கக் கேட்டு, யோசித்து, நாமெல்லாம் கையை இறக்கிய பிறகு அவளுடைய விரல் எழும்பும். சில நேரம் பிழையாகவும் இருக்கும். "கண்ணைத் திற பிள்ளை. மற்றவை எப்பிடிப் பாக்கினம் எண்டு பார்" என்று ரீச்சர் அன்பாகத்தான் சொன்னார். பிறகு அவளை முன் வாங்கில், தனக்கு நேரே உட்கார வைத்தார். மெதுவாகப் படிக்கிற பிள்ளை என்று அவளுடைய தாயிடமும் சொல்லி அனுப்பினார். கொப்பியை அவளுக்கு நான் கொடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் கடைசியாக விரல் தூக்குவது எனக்குப் பிடித்திருந்தது.

வைகாசியில் ஒரு புதன்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சேர், அதாவது அதிகாரி, வந்தார். பருத்த கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனைகள். ஐந்தாம் தரத்தை மாற்றுவதா விடுவதா என்று எழுதப்போகிறவர் அவர்தான் என்று அதிபர் முதல் நாளே நமக்குச் சொல்லி, நகம் வெட்டி வரச் சொல்லியிருந்தார்.

ரீச்சர் அட்டைக் கட்டை எடுத்தார். முதல் அட்டை. அவர் வாய் திறப்பதற்குள் பதினேழு பேரும் இரண்டு விரல் காட்டினோம். இரண்டாவது அட்டை. மூன்று விரல். சேர் கரும்பலகைக்குப் பக்கத்தில், ரீச்சரின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு அட்டையின் கேள்விப் பக்கம்தான் தெரிந்திருக்கும். ஐந்தாவது அட்டையோடு அவருடைய புருவம் ஏறிவிட்டது.

"தாங்கோ ரீச்சர், நான் வாசிக்கிறன்."

அட்டைக் கட்டில் கால்வாசியை வாங்கித் தன் கோப்புக்குள் வைத்து, கோப்பை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியை வாசித்தார். நமக்குக் கோப்பின் மட்டை மட்டும்தான் தெரிந்தது. ஒரு கையும் எழும்பவில்லை. இன்னொன்றை வாசித்தார். வேம்பில் காகம் கத்தியது கேட்டது. மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு விரல், முன் வாங்கிலிருந்து எழும்பியது. அவள் கண்கள் மூடியிருந்தன.

"சரி. ஏன் ஒண்டு?"

அவள் காரணம் சொன்னாள். சேர் தலையாட்டினார். பிறகு ரீச்சரிடம் திரும்பினார்.

"கேள்வியை வாசிக்க முந்தி விரல் எழும்புது. நான் வாசிச்சா எழும்புதில்லை. நீங்கள் என்ன, கண்ணால காட்டிக் குடுக்கிறனீங்களோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்னண்டு?"

ரீச்சர் நம்மைப் பார்த்தார். நம்மில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான்.

"ஆள் வாற நாளுக்குப் பழக்கி வச்சிருக்கிறீங்கள்" என்று சொல்லிக்கொண்டே அவர் கொப்பியில் எழுதினார். போகும்போது கோப்புக்குள் இருந்த அட்டைகளும் அவரோடு போய்விட்டன. அன்று ரீச்சர் கரும்பலகையை இரண்டு தடவை துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பிழியும் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நாளைக்கு ரீச்சரிட்டப் போய்ச் சொல்லு."

"நீங்களும் வாங்கோ அம்மா."

"நான் வரமாட்டன். நீ எழுதினது. நீ சொல்லு."

மறுநாள் தண்டவாளம் அடிக்கும் முன் கொப்பியைக் கொண்டுபோய் ரீச்சரின் மேசையில் வைத்தேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவளைத் தவிர உங்கள் எல்லோருடைய பெயர்களையும் திகதிகளையும் பார்த்தார். கொப்பியை மூடிவிட்டுச் சொன்னார்:

"நீங்கள் எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சன்."

அந்த ஒரு வசனம் போதும். அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

சனிக்கிழமை ரீச்சரும் நானும் மன்னாருக்கு பஸ் ஏறினோம். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். என் மடியில் கொப்பி. நகருக்குள் ஒரு கழுதை தெருவின் நடுவில் நின்றுகொண்டு பஸ்ஸை மறித்தது. சாரதி இறங்கிப் போய் அதனிடம் மரியாதையாக ஏதோ சொன்ன பிறகுதான் விலகியது. மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன்.

சேர் அன்று கந்தோரில் இருந்தார். கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ரீச்சர் சொல்லச் சொல்ல நீர் எழுதினதுதானே?"

"இல்லை சேர். நானா எழுதினது."

"இவ்வளவு ஒழுங்கா? உமக்கு என்ன வயது?"

"பத்து, சேர்."

அவர் நம்பவில்லை. லாச்சியைத் திறந்து, தன்னோடு வந்துவிட்ட அட்டைகளை எடுத்தார். ஒன்றை உருவி, முதுகு என் பக்கம் இருக்கும்படி பிடித்தார். பச்சை இலையும் சவர்க்காரத்தின் ஒரு மூலையும்.

"நூற்று நாற்பத்தியொண்டு. விடை ஒண்டு" என்றேன்.

அவர் திருப்பிப் பார்த்தார். "கேள்வி என்ன?"

நான் யோசித்தேன். அந்த அட்டையின் கேள்வியைப் பார்த்தெழுதியது நானே. மாசியிலிருந்து அதைப் பல தடவை ரீச்சர் வாசித்திருக்கிறார். ஒரு சொல்லும் வரவில்லை.

"தெரியாது, சேர்."

"விடை தெரியும். கேள்வி தெரியாதோ?"

"ஓம், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்துக் கதிரையில் ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்தது, சேர்."

"இப்ப பயம் இல்லையோ?"

"இப்பவும் பயம்தான்."

அவர் அட்டைகளை ஒன்றாக அடுக்கி ரீச்சரிடம் கொடுத்தார். "நான் எழுதினதை இன்னும் மேல அனுப்பேல்லை. முன்னோடிப் பரீட்சை முடியட்டும் ரீச்சர். விடைத்தாளைப் பாத்திட்டு நானே வந்து சொல்லுறன். அதுக்கு மேல என்னால ஒண்டும் செய்யேலாது."

திரும்பும்போது ரீச்சர் எனக்கு யன்னல் பக்கம் விட்டார். பாலம் முடிந்த பிறகுதான் பேசினார்.

"உன்ர பட்டியலில ஒரு பிழை இருக்கு."

"என்ன ரீச்சர்?"

"மீன் கண் எண்டு ரெண்டு இடத்தில எழுதியிருக்கிறாய். எந்தப் பெட்டி மீன் எண்டு எழுதேல்லை. பட்டியல் போட்டா ஒழுங்காப் போடவேணும்."

அடுத்த திங்கட்கிழமை நாம் எல்லோரும் வீட்டிலிருந்து சீமெந்துப் பைகள் கொண்டுவந்தோம். எல்லா வளவிலும் வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம், அதற்குப் பஞ்சமில்லை. அந்தக் கடதாசியை வெட்டி இருநூற்றுப் பதினாறு அட்டைகளின் முதுகிலும் ஒட்டினோம். மீன் போயிற்று, தோடு போயிற்று. எல்லா அட்டைக்கும் ஒரே மண்ணிறம். பிறகு ரீச்சர் அவளை எழுப்பி நிறுத்தி, "நீ எப்பிடிக் கேக்கிறனீ எண்டு இவைக்குக் காட்டு" என்றார். அவள் கண்ணை மூடிக் காட்டினாள். அன்றிலிருந்து பதினெட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். முதல் கிழமை பாதிப் பேர் நித்திரையாகினோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு ரீச்சர் இன்னொன்று செய்தார். விடை சொன்னால் போதாது, அந்தக் கேள்வியை மாற்றி ஒரு புதுக் கேள்வி எழுதி வர வேண்டும். எண்களை மாற்றலாம், ஆட்களை மாற்றலாம், ஆனால் விடை ஒன்று இருக்க வேண்டும். நம் வகுப்புத் தலைவன் எழுதி வந்தது இது: "அதிபரிடம் மூன்று சேட்டுகள் உண்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒன்றைத் தோய்த்தால், நீலச் சேட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்?" அதிபர் அதை வாங்கி வாசித்தார். "பிழை தம்பி. நாலாவது ஒண்டும் இருக்கு. அது நான் ஓய்வு பெறுற அண்டைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடியில் பரீட்சை. அடம்பன் பெரிய பள்ளிக்கூடத்தில், உண்மையான கூரைக்குக் கீழே. ரீச்சர் உள்ளே வரக்கூடாது. வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்னோடித் தாள் செய்பவர்களும் பழைய தாள்களிலிருந்துதான் எடுப்பார்கள். பதினெட்டாம் கேள்வி நம் அட்டைக் கட்டில் இருந்தது, எண் மாறாமல் அப்படியே. இருபது மீற்றர் நீளமான நேர் வேலி. இரண்டு மீற்றருக்கு ஒரு கட்டை, இரு முனைகளிலும் கட்டை உண்டு. எத்தனை கட்டைகள்? ஒன்பது, பத்து, பதினொன்று.

நம் அட்டையின் மூலையில் ரீச்சர் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். இரண்டு. அதாவது பத்து.

நான் தாளின் ஓரத்தில் கோடு போட்டு, கட்டை கட்டையாகக் கீறிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. மறுபடி கீறினேன். மறுபடியும் பதினொன்று. மூன்றாவது விடைதான் சரி. ரீச்சரின் அட்டை பிழை.

அப்போது என் பத்து வயது மூளை இப்படிக் கணக்குப் போட்டது: இந்தத் தாளைப் பார்க்கப்போவது அந்த சேர். ரீச்சர் எழுதிய விடைகள் எல்லாம் என் கொப்பியில் இருக்கின்றன. கொப்பியை அவர் பார்த்துவிட்டார். ரீச்சரின் விடை பிழை என்று அவருடைய பிள்ளைகளே எழுதினால், அவருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று ஆகிவிடும். நிற்பாட்டிவிடுவார்கள்.

இரண்டின் கீழ்க் கோடு போட்டேன்.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் அவள்தான் உடைத்தாள்.

"டீச்சர், அந்த வேலிக் கணக்கு நம்ம அட்டையில தப்பு."

"எந்த வேலி?"

அவள் சொன்னாள். ரீச்சர் சைக்கிளை அவளிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூட வேலியோரமாக ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். "ஒண்டு... ரெண்டு..." பத்து இடைவெளி நடந்து, பதினோராவது கட்டையில் கையை வைத்தபடி நின்றார்.

"ஐயோ" என்றார். பிறகு, "எத்தினை பேர் மூண்டு போட்டனீங்கள்?"

விரல்கள் எழும்பின. நானும் மூன்று விரல் காட்டினேன். மூன்று பேர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்கள் அட்டையில கிடந்ததைப் போட்டியளோ? என்னை ஆர் நம்பச் சொன்னது?" என்று ரீச்சர் அவர்களை ஏசத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டார். தன் வேலை போகுமா நிற்குமா என்று தெரியாத ஒருவர் நடுத்தெருவில் நின்று அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. உங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

பத்து நாளில் சேர் விடைத்தாள்களோடு வந்தார். நீங்கள் மைதானத்தில் இருந்தீர்கள். அவருக்குக் கதிரை கொண்டுபோய்க் கொடுக்க அதிபர் என்னை அனுப்பியிருந்தார். கதிரையைப் போட்டுவிட்டுக் கொட்டகைத் தூணோடு நின்றேன்.

"புள்ளி நடுத்தரம்தான் ரீச்சர். ஆனா வாசிச்சுச் செய்திருக்கினம். தாளின்ர ஓரத்தைப் பாத்தாத் தெரியுது. ஒரு கேள்வி மட்டும் எனக்கு விளங்கேல்லை." அவர் நான்கு தாள்களைப் பிரித்து வைத்தார். "இந்த நாலு பேரும் ரெண்டு போட்டிருக்கினம். பக்கத்தில பக்கத்தில இருந்தவையோ?"

"இல்லை சேர். அது என்ர பிழை. நான் அட்டையில ரெண்டு எண்டு எழுதியிருந்தனான். இவை என்னை நம்பினவை."

இதையும் கொப்பியில் எழுதிவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர் எழுதத் தொடங்கவே இல்லை. ஒரு தாளை மட்டும் தூக்கிப் பிடித்தார்.

"மூண்டு பேர் செய்து பாக்கேல்லை. சரி, நம்பினவை. இந்தப் பிள்ளை ஓரத்தில ரெண்டு தரம் கீறிப் பாத்து, ரெண்டு தரமும் பதினொண்டு எண்டு எழுதியிருக்கு. பிறகு ரெண்டில கோடு போட்டிருக்கு. இது நம்பினதோ?"

ரீச்சர் தாளை வாங்கினார். பெயரைப் பார்த்தார். பிறகு தூணோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் என் கால்விரல்களைப் பார்த்தேன்.

"இல்லை சேர்" என்றார் மெதுவாக. "இது என்னைக் காட்டிக் குடுக்காமல் விட்டது."

சேர் மற்ற மூன்று தாள்களையும் திரும்ப அடுக்கினார். பிறகு பேனையைத் திறந்து, கொப்பியில் இரண்டு வரி எழுதி, ரீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஐந்தாம் தரம் இங்கேயே இருக்கட்டும் என்பதுதான் அந்த இரண்டு வரியும். ரீச்சரும் இருக்கட்டும் என்று அதில் இருந்தது.

"ஆவணியில உண்மையான பரீட்சை" என்றார் எழும்பிக்கொண்டே. "அங்க இந்த விளையாட்டு வேண்டாம் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கோ."

அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் வீதியில் ஏறும்வரை ரீச்சர் அசையவில்லை. பிறகு என் தாளை மேசையில் விரித்து, சிவப்புப் பேனையை எடுத்து, பதினெட்டாம் கேள்விக்கு மேலே பிழைக் குறியாகப் பெரிய புள்ளடி ஒன்று போட்டார். தாள் கிழிந்துவிடும் என்று நினைத்தேன்.

"பிழை" என்றார். "எனக்காகப் பிழை விடச் சொல்லி உனக்கு நான் படிப்பிக்கேல்லை."

"ஓம், ரீச்சர்."

"பதினொண்டு எண்டு தெரிஞ்சதுதானே?"

"ஓம், ரீச்சர்."

அவர் என் பின்னலைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். வலிக்கும்படியாகத்தான் இழுத்தார், ஆனால் உடனே விடவில்லை. பிறகு வாசலுக்குப் போய், மைதானத்திலிருந்த உங்களை எல்லாம் உள்ளே வரும்படி கூப்பிட்டார்.